கண்டது ஒளியா, ஊசியா? நானோ ஒளியியலில் ஓர் ஆய்வாளரின் வேலை

கேள்வி இதுதான்: இயற்பியல் முதுகலை முடிக்கப்போகும் ஒருவர், நானோ அளவில் ஒளியை ஆராயும் பேராசிரியராக ஆசைப்படுகிறார். அந்த வேலையில் அன்றாடம் என்ன நடக்கும், எத்தனை வருடம் பிடிக்கும், நம்பி இறங்கலாமா என்று கேட்கிறார். நான் இதே துறையில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பத்திரிகைகளில் வரும் பளபளப்பான வண்ணப் படங்களைப் பார்த்து இந்தத் துறைக்கு வராதீர்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் கணினியில் வரைந்தவை. உண்மையில் நாங்கள் பார்ப்பது, கறுப்புத் திரை போட்ட அறைக்குள் ஒரு கணினித் திரையில் வரி வரியாக ஏறும் சாம்பல் நிறப் புள்ளிகளை. அந்தப் புள்ளி நிஜமா, அழுக்கா, கருவியின் சேட்டையா என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி போகும். இதைப் பிடித்துப்போகிறவர்கள் நிலைக்கிறார்கள். மற்றவர்கள் மூன்றாம் வருடத்தில் களைத்துப்போகிறார்கள்.

முதலில் இயற்பியல். 1873இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே ஒரு வரம்பைச் சொன்னார். இரண்டு புள்ளிகள் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியைவிட நெருங்கி இருந்தால், எவ்வளவு நல்ல நுண்ணோக்கியிலும் அவை ஒன்றாகத்தான் தெரியும். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் (ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) என்று வைத்துக்கொண்டால், பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் மிகச் சிறந்த லென்ஸிலும் 200 நானோமீட்டர்தான் எல்லை. ஒரு புரத மூலக்கூறோ சில நானோமீட்டர் அகலம். அதாவது நமக்குப் பார்க்க ஆசையாக இருக்கும் பொருளெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

ஆனால் அபேயின் வரம்பு, தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குத்தான். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டால், அதன் மேற்பரப்பை ஒட்டி ஒரு ஒளிப்புலம் உண்டாகிறது. அது எங்கும் பயணம் போகாது. மேற்பரப்பை விட்டு விலக விலக மளமளவென்று தேய்ந்து, 100 நானோமீட்டர் தாண்டுவதற்குள் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். நுணுக்கமான விவரமெல்லாம் அந்த மெல்லிய அடுக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் வரைக்கும் அது வந்து சேராது. இதற்கு அண்மைப்புலம் என்று பெயர். அது இருக்கும் இடத்துக்கே நாம் போய் எடுத்து வந்தால் என்ன?

இதை யோசித்தவர் எட்வர்ட் ஹட்சின்சன் சிங் என்ற அயர்லாந்துக்காரர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவர். ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, 1928இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒளி புகாத தகட்டில் அலைநீளத்தைவிடச் சிறிய துளை போடு, பொருளுக்கு மிக அருகில் வைத்து நகர்த்து, புள்ளி புள்ளியாகப் படம் எடு. அவ்வளவுதான் யோசனை. அந்தக் காலத்துக் கருவிகளால் அது முடியாது. கட்டுரையை எல்லோரும் மறந்தே போனார்கள். 1972இல் ஆஷ், நிக்கல்ஸ் என்ற இருவர் 3 சென்டிமீட்டர் நுண்ணலையை வைத்து அதைச் செய்து காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது நடந்தது 1984இல், சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில், டீட்டர் போல் குழுவினரின் கையில். கிட்டத்தட்ட அதே சமயத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் ஆரன் லூயிஸ் குழு இதே வழியில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நல்ல யோசனைக்கும் அதைச் செய்து காட்டும் கைக்கும் இடையில் 56 வருடம்!

சரி, அந்தக் கை என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து காட்டுகிறேன், ஏனென்றால் என் பிஎச்.டி. காலத்தில் பாதி இதில்தான் போனது. ஒரு கண்ணாடி இழையை எடுத்து, பிளாஸ்டிக் உறையைச் சீவி, கார்பன் டை ஆக்சைடு லேசரால் நடுவில் சூடாக்கி இரு பக்கமும் இழுக்க வேண்டும். அது இளகி, மெலிந்து, இரண்டு ஊசிகளாக அறும். ஊசியைச் சுழற்றியபடி பக்கவாட்டில் அலுமினியம் பூச வேண்டும். பக்கமெல்லாம் மூடி, நுனியில் மட்டும் 50 அல்லது 100 நானோமீட்டர் துளை மிஞ்ச வேண்டும். அப்புறம் அந்த ஊசியைக் கைக்கடிகாரத்துக்குள் இருக்குமே, நொடிக்கு 32,768 முறை அதிரும் இரண்டு கால் குவார்ட்ஸ் கவை, அதன் ஒரு காலில் ஒட்ட வேண்டும். ஊசி மேற்பரப்பை நெருங்கும்போது அதிர்வு லேசாகத் தளரும். அந்தத் தளர்ச்சியைப் பார்த்துக்கொண்டே உயரத்தைப் பத்து, இருபது நானோமீட்டரில் பிடித்து நிறுத்தலாம். பசை ஒரு துளி கூடினால் கவை அதிராது. குறைந்தால் ஊசி தனியாக ஆடும். பத்து ஊசி செய்தால் இரண்டு தேறும். அந்த இரண்டில் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் மோதி உடைப்போம்.

தேறிய ஊசியிலும் ஒளி வருவது சொற்பம். சிறிய துளை வழியாக எவ்வளவு ஒளி கசியும் என்று ஹான்ஸ் பெத்தே 1944இல் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்குப்படி, துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் வெளியே வரும் ஒளி 64இல் ஒரு பங்காகக் குறையும். லேசரைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். கூட்டினால் அலுமினியப் பூச்சு சூடேறி உரிந்துவிடும். எனவே உள்ளதை வைத்து ஒளித்துகள்களான ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. மூன்றாம் வருடத்தில் எனக்கு ஒரு படம் கிடைத்தது. உலோகத் துகள்கள், 30 நானோமீட்டர் நுணுக்கத்தில், கத்தி மாதிரிக் கூர்மையாக. ஆய்வகமே கூடிப் பார்த்தது. கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டோம். கூட்டத்தில் இருந்த ஒரு மூத்த ஆய்வாளர் மட்டும், "உயரப் படத்தையும் ஒளிப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வை" என்றார். வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. விஷயம் இதுதான்: ஊசி துகள் மேல் ஏறி இறங்கும்போது நுனிக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் மாறுகிறது, அதனால் ஒளியும் கூடிக் குறைகிறது. நான் ஆர்வமாகப் படம் பிடித்தது ஊசியின் குதியாட்டத்தை. துகளின் ஒளியியல் அதில் துளிகூட இல்லை. நான்கு மாத அளவீடு குப்பைக்குப் போனது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நான் மட்டும் விழுந்த குழி அல்ல அது. 1997இல் பெர்ட் ஹெக்ட்டும் போலும் நோவோட்னியும் மற்றவர்களும் சேர்ந்து, அண்மைப்புலப் படங்களில் எது நிஜம், எது கருவியின் போலி என்று ஒரு முழுக் கட்டுரையே எழுதினார்கள். அதற்குப் பிறகு ஊசியை ஒரே உயரத்தில் நிறுத்தி எடுத்த படத்தைக் காட்டாமல் யாரும் பெரிய நுணுக்கம் பேச முடியாமல் போயிற்று. நல்லதுதான்.

இந்தத் துறையின் பெரிய கதைகள் இரண்டிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. 1974இல் சவுத்தாம்ப்டனில் மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்வில்லன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயின் மேல் பிரிடின் மூலக்கூறுகளை ஒட்டவைத்து ராமன் நிறமாலை எடுத்தார்கள். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வரும், எந்த மூலக்கூறு என்று அது காட்டிக்கொடுக்கும். அதுதான் ராமன் சிதறல். சாதாரணமாக அது படு மங்கலானது. இங்கே சிக்னல் அள்ளிக்கொண்டு வந்தது. சொரசொரப்பால் பரப்பு கூடியிருக்கிறது, அதனால் மூலக்கூறுகளும் கூடியிருக்கின்றன என்று அவர்கள் நினைத்தார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் தவறு. 1977இல் வான் டைன், ஜான்மேர் ஒரு பக்கமும், ஆல்பிரெக்ட், கிரைட்டன் இன்னொரு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சிக்னல் கூடியது லட்சம் மடங்குக்கு மேல். பரப்பு அவ்வளவு கூட வாய்ப்பே இல்லை. வெள்ளியில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, மேற்பரப்பின் சிறு இடுக்குகளில் ஒளிப்புலத்தைக் குவிக்கின்றன. அந்த ஊசலாட்டம்தான் பிளாஸ்மான். இன்று நாங்கள் பாதிப் பேர் பிழைப்பு நடத்துவது அதை வைத்துத்தான். 1997இல் இந்த வழியில் ஒற்றை மூலக்கூறின் ராமன் சிக்னலையே எடுத்துவிட்டார்கள். (அந்த ஃபிளைஷ்மன்தான் பின்னால், 1989இல், அறை வெப்பத்திலேயே அணுக்கருக்களை இணைத்துவிட்டதாக, அதாவது குளிர் அணுக்கரு இணைவு என்று, அறிவித்து மாட்டிக்கொண்டவர். ஒரே ஆள் ஒரு முறை கையில் இருந்த புதையலைச் சாதாரணமாக நினைத்தார், இன்னொரு முறை இல்லாததைப் புதையல் என்று நினைத்தார். நான் மாணவர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன்.)

இரண்டாவது கதை தாமஸ் எப்பசனுடையது. ஜப்பானில் என்இசி ஆய்வகத்தில் இருந்தபோது, மெல்லிய உலோகப் படலத்தில் நுண்துளைகளை வரிசையாகப் போட்டு ஒளி விட்டுப் பார்த்தார். பெத்தே கணக்குப்படி சொட்டுக் கூட வரக்கூடாது. ஆனால் சில அலைநீளங்களில், துளைகளின் பரப்பில் நேராக விழுந்த ஒளியைவிட அதிகம் மறுபக்கம் வந்தது. சாதாரணமாக இதைப் பார்த்தால் எவரும் அளவீடு தப்பு என்று விட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை, அவசரப்பட்டு வெளியிடவும் இல்லை. விளக்கம் தெரிய ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. 1998இல்தான் கட்டுரை வந்தது. உலோகப் பரப்பில் ஓடும் பிளாஸ்மான்கள், துளைகளுக்கு இடையில் விழும் ஒளியையும் துளைகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. 2014இல் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசை ஸ்டெஃபான் ஹெல், ஜான் பெண்ட்ரி ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார். ஒரு தரவைப் பத்து வருடம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் வசதி இன்று நிரந்தர வேலை இல்லாத எந்த இளம் ஆய்வாளருக்கும் கிடையாது. இது என் மனக்குறை.

நான் என் சொந்தக் குழுவில் அதிகம் செய்தது, ஒற்றை மூலக்கூறுக்குப் பக்கத்தில் தங்கத் துகளைக் கொண்டுபோகும் வேலை. 2006இல் நோவோட்னி குழுவும் சாந்தோக்தர் குழுவும் தனித்தனியாகச் செய்து காட்டிய சோதனையின் வழி வந்தது. 80 நானோமீட்டர் தங்க உருண்டையை ஊசி நுனியில் ஒட்டி, ஒளிரும் மூலக்கூறை நோக்கி இறக்குவார்கள். நெருங்க நெருங்க மூலக்கூறு பிரகாசமாகும். தங்கம் ஒரு ஆன்டெனா போல ஒளியைக் குவித்துக் கொடுக்கிறது. இன்னும் சில நானோமீட்டர் இறக்கினால் சட்டென்று மங்கும், ஏனென்றால் மூலக்கூறு தன் ஆற்றலை ஒளியாக விடுவதற்குள் தங்கம் அதை வெப்பமாக உறிஞ்சிவிடுகிறது. பிரகாசத்துக்கும் அணைவுக்கும் நடுவில் உள்ள அந்த ஐந்தாறு நானோமீட்டர் இடைவெளியில்தான் எங்கள் கட்டுரைகள் அத்தனையும் வாழ்கின்றன.

ஒரு மூலக்கூறுதான் என்று எப்படித் தெரியும்? அழுக்குத் துகளும் ஒளிரும், மூலக்கூறுக் கொத்தும் ஒளிரும். அடையாளம் அது சாகும் விதம். கொத்து என்றால் லேசர் பட்டுப் பட்டுச் சிறுகச் சிறுக மங்கும். ஒற்றை மூலக்கூறு அப்படி மங்காது. நொடிக்குச் சில ஆயிரம் ஃபோட்டான் என்று சீராக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று சுவிட்சைத் தட்டியதுபோல் பூச்சியம். ஒரே படி. ஃபோட்டான் எண்ணும் கருவியின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால், மழை நின்றாற்போல் அறை அமைதியாகிவிடும். புது மாணவர்கள் முதலில் ஏதோ உடைந்துவிட்டதென்று பதறுவார்கள்.

இப்போது வருடக் கணக்குக்கு வருவோம். பிஎச்.டி. நாலிலிருந்து ஆறு வருடம். அப்புறம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை, இரண்டு மூன்று வருடமாக ஒன்றோ இரண்டோ, பெரும்பாலும் வேறு ஊரில், வேறு நாட்டில். சொந்தக் குழு அமையும்போது முப்பத்தைந்தை ஒட்டி வயது ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் கருவி வாங்கி, மேசை போட்டு, முதல் நம்பகமான அளவீடு வர இரண்டு வருடம். அங்கேதான் ஒரு வேடிக்கை நடக்கும்: லேசரைக் கையால் தொட்டு வளர்ந்தவர், அந்த நாளிலிருந்து லேசரைத் தொடவே மாட்டார். நிதி விண்ணப்பம், வகுப்பு, மற்றவர் கட்டுரைக்கு மதிப்புரை, மாணவர் சண்டை, குளிரூட்டி ரிப்பேர். நான் கடைசியாக ஒரு கண்ணாடியைத் திருகிச் சரிசெய்தது எப்போது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாணவர்கள் என்னை மேசைப் பக்கம் விடுவதும் இல்லை, பழகாத கை எதையாவது தட்டிவிடும் என்று பயம்.

எல்லோருக்கும் பேராசிரியர் பதவி கிடைக்காது. பிஎச்.டி. முடிப்பவர்களில் சிறுபான்மைக்குத்தான் கிடைக்கும், இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் வெளியே போனவர் தோற்றவர் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எரிக் பெட்சிக்கைப் பாருங்கள். பெல் ஆய்வகத்தில், மேலே சொன்ன இழுத்த இழை ஊசியைச் செம்மையாக்கி, 1993இல் ஒற்றை மூலக்கூறுகளையே அண்மைப்புலத்தில் படம் எடுத்தவர். அந்த உச்சியில் நின்றுகொண்டே, இந்த முறையால் உயிருள்ள செல்லைப் பார்க்க முடியாது என்று சலித்து வேலையை விட்டார். ஒரு யோசனையை மட்டும் 1995இல் சின்னக் கட்டுரையாக எழுதி வைத்துவிட்டு, அப்பாவின் இயந்திரக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். வருடங்கள் கழித்து, ஒளியால் இயக்கி எழுப்பக்கூடிய ஒளிரும் புரதங்கள் வந்துவிட்டன என்று தெரிந்ததும் திரும்பினார். வேலை இல்லாமல் இருந்த நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் நுண்ணோக்கி கட்டினார்கள். மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் எரியவிடாமல் சிலவற்றை மட்டும் எரியவிட்டு, ஒவ்வொன்றின் மையத்தையும் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தால் அபே வரம்புக்குக் கீழே போய்விடலாம். ஊசியே வேண்டாம். 2006இல் கட்டுரை, 2014இல் ஹெல், மெர்னருடன் வேதியியல் நோபல். இது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஊசியைக் கைவிட்டதும் வேலையை விட்டதும் அவருக்குச் சரியான முடிவுகளாக இருந்தன, அவ்வளவுதான்.

என் மாணவர்களில் கல்வித்துறைக்கு வெளியே போனவர்களில் பலர் சில்லுத் தயாரிப்புப் பக்கம் போயிருக்கிறார்கள். இப்போது முன்னணிச் சில்லுகளை 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அச்சிடுகிறார்கள். அதில் சில நானோமீட்டர் குறையைத் தேட, சிக்னலையும் அழுக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை. இன்னும் சிலர் மருத்துவச் சோதனைக் கருவிகள் செய்கிறார்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் வரும் அந்தச் சிவப்புக் கோடு பல தயாரிப்புகளில் தங்க நானோ துகள்களின் நிறம்தான்.

என்ன படித்துக்கொண்டு வர வேண்டும்? மேக்ஸ்வெல் சமன்பாடுகள் கைவசம் இருக்க வேண்டும். குவாண்டம் இயக்கவியல் ஓரளவு போதும், வேண்டியதை வழியில் பிடித்துக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரியாமல் இனி முடியாது. அதைவிட முக்கியமாக, பற்றவைப்புக் கோல் பிடிக்கத் தெரிந்தவர்களை எனக்குப் பிடிக்கும். கைடு யார் என்று பார்க்கும்போது அவருடைய கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய மாணவர்களிடம் பேசி, கடைசியாக எந்தத் தரவைத் தூக்கிப்போட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் அந்தக் குழு ஆரோக்கியமாக இருக்கிறது. எல்லாத் தரவும் நன்றாகத்தான் வந்தது என்றால் வேறு இடம் பாருங்கள்.

முதல் ஆறு மாதம் என்ன செய்யச் சொல்வார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குழுவில் முதல் வேலை, வெறும் கண்ணாடித் தகட்டைப் படம் எடுப்பது. மேலே எதுவும் வைக்காமல். தகட்டைக் கழுவி, ஓசோனில் காட்டி, நுண்ணோக்கியில் வைத்தால் முதல் நாள் திரை முழுக்க நட்சத்திரங்கள் மாதிரிப் புள்ளிகள் மின்னும். கழுவிய சோப்பு, விரலின் எண்ணெய்ப்பசை, லென்ஸ் எண்ணெய், சுத்தம் என்று சீட்டு ஒட்டி வந்த கரைப்பானில் இருந்த கசடு, எல்லாம் ஒளிரும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, எது காரணம் என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். திரை இருண்டு, எண்ணும் கருவி தன் சொந்த இரைச்சலை மட்டும் காட்டும்வரை அடுத்த சோதனை கிடையாது. கெட்டிக்கார மாணவருக்கு மூன்று வாரம் பிடிக்கும். எனக்கு இரண்டு மாதம் ஆனது.